மூன்றாம் நிலை: தலை

ஆளில்லாத அறைக்குள் தாங்கியில் நிறுத்தியிருந்த கைபேசி, தன்னை யாரோ காதில் வைத்திருப்பதாகச் சொன்னது.

வெளியே மேசைத் திரையில் அவள் அதை இரண்டு முறை படித்தாள். ‘தலை’. கைபேசிக்குள் இருந்தது மூன்று வருடமாக அவள் வடிவமைத்த ஆன்டெனா. வேண்டியபோது வேறு அலைவரிசைக்குத் தானே மாறிக்கொள்ளும். உடம்பு நெருங்கினால் எந்த ஆன்டெனாவுக்கும் சுருதி இறங்கிவிடும். இதிலோ கடுகளவு சுவிட்சுகள் திறந்து மூடி, இறங்கியதை ஏற்றிவிடும். எதை உணர்ந்து ஏற்றியது என்பதை மூன்று நிலைகளில் காட்டும்படி அவள்தான் எழுதியிருந்தாள்: வெறுமை, கை, தலை.

எந்நேரமும் உதட்டில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டு வேலை செய்வதால் ‘திருகாணி’ என்று பெயர் வாங்கிய டெக்னீஷியன், கேபிளை மாற்றிப் பார்த்தார். பிறகு கைபேசியையே மாற்றினார். கதவு திறந்திருந்தால் ‘வெறுமை’. சாத்திய சில நிமிடங்களில் ‘தலை’.

பதினோரு மணிக்கு மேலாளர் வந்தார். இரண்டு மணிக்கு வாங்க வருகிறவர்கள் எதிரில் இதை ஓட்டிக் காட்ட வேண்டும். அவள் சொன்னதை அவர் முழுதாகக் கேட்கவில்லை. மூன்று வருடச் சம்பளத்துக்கு ஒரு சுவிட்சு ஒழுங்காகத் திறந்து மூடவில்லை என்றார். அளவு தப்பில்லை, உள்ளே ஏதோ நெருங்குகிறது என்று அவள் சொன்னபோது சிரித்தார்.

“அப்ப உள்ள போய் யாருன்னு பாருங்க. கோளாறு தெரியாம வெளிய வரவேண்டாம்.”

கதவின் உள்கைப்பிடி கழன்று இரண்டு வாரமாகிறது என்று திருகாணி முணுமுணுத்தார். கூட்ட அறையில் நாற்காலி போட ஆளில்லை என்று மேலாளர் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். போகிறபோதே, ஒரு கையால், உள்ளே போன அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தினார்.

சுவர், கூரை, தரை என்று எங்கும் முழ நீளக் கரும்பஞ்சுக் கூம்புகள் நெருக்கமாக நீட்டிக்கொண்டிருந்த அந்த அறையில், அலைகள் மட்டுமல்ல, சத்தமும் போய் விழுந்த இடத்திலேயே செத்துவிடும். ரப்பர் வாடையும் பழைய தூசியின் கரிப்பும் மூக்கில் ஏற, தன் செருப்புச் சத்தம் காலடியோடு அறுந்துபோவதைக் கேட்டபடி, நடைபலகையில் அவள் தாங்கிவரை போனாள். கூம்புகளுக்கிடையே எல்லாம் இருட்டு. காதுக்குள் ரத்தம் ஓடுவதுகூடக் கேட்டது.

கைபேசியின் திரை: ‘வெறுமை’.

எடுத்தாள். ‘கை’. சரியாகத்தான் இருக்கிறது. மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஈரக் காற்றோ என்னவோ, வயரிங் ஏதாவது இருக்கும், பார்த்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

‘தலை’.

கைபேசி அவள் இடுப்பருகே இருந்தது. தலைக்கும் அதற்கும் ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி. கையை நன்றாக நீட்டி உடம்பிலிருந்து விலக்கினாள். அப்போதும் ‘தலை’. இடப்பக்கம் மெல்லக் கொண்டுபோனாள். ‘கை’. வலப்பக்கம். ‘கை’. திரும்ப நேர் முன்னால். ‘தலை’.

வடிவமைத்தவளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சுவிட்சுகள் பொய் சொல்லவில்லை. தாங்கிக்கு அந்தப் பக்கம், தரையிலிருந்து நான்கடி உயரத்தில், ஒரு தலையளவுக்கு ஏதோ இருந்தது.

கண்ணுக்கு ஒன்றுமில்லை. கூம்புகள் மட்டும்.

பின்னால் நடந்தாள். முதுகு கதவில் முட்டியது. கையால் தட்டினாள். இரும்புக் கதவு பஞ்சை அடித்ததுபோல் மொத்தென்றது. “அண்ணே” என்று கூப்பிட்டாள். குரல் வாயைவிட்டு ஒரு சாண்கூடப் போகவில்லை. மறுபடி கூப்பிட்டாள். திருகாணி இந்நேரம் மாடியில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பார். மேலாளருக்குக் கேட்டாலும் வரமாட்டார்.

திரையில் ‘கை’ என்று இருந்தது. அது வரவில்லை. அங்கேயே இருக்கிறது.

கையை நீட்டித் தேடினாள். முன்னால் ‘கை’. இடம் ‘கை’. வலம் ‘கை’.

கொஞ்சம் தாழ்த்தினாள். ‘கை’.

முழங்காலருகே. ‘தலை’.

உயர்த்தினாள். தொடையருகே ‘தலை’. இடுப்பருகே ‘தலை’. அவள் கை ஏறினால் அதுவும் ஏறியது. நிறுத்தினாள். நின்றது. கைபேசியைக் கீழே போட நினைத்தாள். போட்டால் அந்தத் தலை எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும்.

இரண்டு கையாலும் பிடித்து, தன் தலைக்கு எட்டாமல் முன்னால் நீட்டினாள். மூச்சை அடக்கினாள்.

ரத்தச் சத்தம். அவளுடையது. அதனடியில் இன்னொன்று, மெதுவாக, ஈரமாக.

கண்ணெதிரே திரை பளிச்சென்று எரிந்தது. ‘தலை’.

அவள் மூச்சு விடவில்லை. இன்னும் விடவில்லை.

திரையின் கண்ணாடியில், அவள் பார்க்கப் பார்க்க, வட்டமாக ஆவி படர்ந்தது. மங்கியது. மறுபடியும் படர்ந்தது.