வாசலோரப் பலகை

பழைய விரிப்பை உரித்ததுமே, பலகைத் தரை போட வந்த தரைக்காரர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார். வாசல் கதவின் உட்பக்கம், நிலையை ஒட்டி, ஆள் படுக்கும் அளவுக்குக் கறை. மூத்திரமும் ஊறிய துணியும் கலந்த வாடை. தொட்டால் சளிபோல் விரலில் இழுத்தது.

“என்ன சார் இது, எலி கிலி செத்துக் கிடந்துச்சா?”

“பழைய வீடுன்னா அப்படித்தாண்ணே. மேல பலகையைப் போட்டு மூடுங்க. சாயங்காலம் வீடு வாங்குறவங்க பார்க்க வராங்க,” என்றார் வீட்டுக்காரர், மூக்கைப் பொத்தியபடி.

தரைக்காரர் மூன்று முறை கழுவினார். வாடை போகவில்லை. பலகையை அடியில் நுழைப்பதற்காக நிலையின் கால்பகுதியை அறுத்தார். ரம்பத்தின் பல்லில் ஈரமான நரைமுடி சுற்றிக்கொண்டு வந்தது.

முடியோடு பாதி நகம்.

குனிந்து பார்த்தார். கதவின் அடியெல்லாம் பிறாண்டிய கோடுகள்.

“இங்க யாரு சார் இருந்தாங்க?”

“சித்தி. புத்தி தடுமாறிப் போச்சு. தெருவுல அலைவாங்கன்னு பூட்டிட்டுப் போவோம். ஒரு தடவை நாலு நாள் ஆயிடுச்சு.”

“தண்ணி?”

“உள்ள குழாய் இருந்துச்சே! அவங்கதான் கதவைவிட்டு நகரலை.”

கூடத்துப் பலகைகளெல்லாம் ஒரே தட்டில் ‘டக்’கென்று ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன. வாசலோரப் பலகை மட்டும் எழும்பி எழும்பி வந்தது. நான்காம் முறை தட்டியபோது, அடியிலிருந்து ஒரு சத்தம்.

வறண்ட உதடுகள் ஒட்டிப் பிரியும் சத்தம்.

கையை இழுத்துக்கொண்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஆண்டவனை நினைத்துக்கொண்டு, தன் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியில் ஊற்றிப் பலகைச் சந்தில் விட்டார்.

“குடிங்கம்மா.”

உறிஞ்சும் ஒலி கேட்டது. பலகை தானாகப் பூட்டிக்கொண்டது.

கிளம்பும்போது கதவோரம் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். “இதை மட்டும் எடுத்துடாதீங்க சார். பாவம், தவிச்ச வாய்.”

“தரை போட வந்தீங்களா, பேயோட்ட வந்தீங்களா?” சிரித்தபடி வீட்டுக்காரர் தண்ணீரை வெளியே வீசிவிட்டு உள்ளேயிருந்து கதவைச் சாத்தினார்.

தரைக்காரர் படியிறங்கும்போது உள்ளே ‘டக்’.

பூட்டிய பலகை விடுபடும் சத்தம். அப்புறம் இன்னொன்று. வாசலிலிருந்து வரிசையாக உள்ளே போனது.

“சார்! கதவைத் திறங்க!”

திரும்பி ஓடிவந்து கதவைத் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவின் அடியில் பிறாண்டல்.

“அண்ணே... தண்ணி...” வீட்டுக்காரரின் குரல்தான், தொண்டை காய்ந்து கிழிந்திருந்தது.

தாழ்ப்பாள் உள்ளே, வீட்டுக்காரர் பக்கம்தான் இருந்தது. ஏனோ அவர் திறக்கவில்லை.

தரைக்காரர் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கதவடியில் தள்ளினார்.

காலி மூடி திரும்பி வந்தது.

அதைத் தள்ளிய விரலில் நகம் இல்லை.