சத்தம் போடாத பிள்ளை

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. மடியில் பிள்ளை இருந்தால் இன்னும் இறுக்கிக்கொள்ளுங்கள். மல்காஜ்கிரியில் ஒரு மாடி அறையில் நடந்ததைச் சொல்லப்போகிறேன். மெதுவாகத்தான் சொல்வேன்.

அன்று சாயங்காலம் ஹம்சா அழவில்லை.

பூர்ணா அதை நல்லதாகவே எடுத்துக்கொண்டாள். நாச்சாரம் பிளாஸ்டிக் கம்பெனியில் நாள் முழுக்க நின்ற கால்கள் கடுத்தன. தோளில் கைக்குழந்தை ஹம்சா பாரமாகச் சாய்ந்திருந்தது. கம்பெனிப் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்லம்மாவிடம் காலையில் கெஞ்சியதே பூர்ணாதான்.

"அக்கா, அந்தத் தூக்க மருந்து இன்னிக்குக் கொஞ்சம் கூடக் குடுங்க. ராத்திரி அழுதா ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

"எங்கிட்ட இருக்கிற பிள்ளைங்க சத்தம் போட்டு எப்பவாவது கேட்டிருக்கியா?" என்று செல்லம்மா சிரித்தாள்.

படியேறும்போதே, கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரி அன்னம்மாள் பிடித்துக்கொண்டாள். "புருஷன் துபாயிலன்னு சொல்றே. கல்யாண போட்டோ ஒண்ணு காட்டேன், பாப்போம்."

காட்ட ஒன்றுமில்லை. துபாயும் இல்லை, புருஷனும் இல்லை.

"இன்னிக்கும் கத்துச்சுன்னா நக்கோம்மா, வேணவே வேணாம், வேற ரூம் பாத்துக்கோ."

"இன்னிக்கு அழாது, ஆன்ட்டி."

பழைய புடவையில் கட்டிய தூளியில் பிள்ளையைக் கிடத்தினாள். தூங்குகிறதை எழுப்பிவிடக் கூடாதென்று விளக்கைக்கூடப் போடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்துத் தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது, தூரத்தில் ரயில் கூவியது, கீழே யாரோ வெங்காயம் தாளித்தார்கள், கொக்கி கிறீச்சிட்டது, பிள்ளையின் வாயோரத்திலிருந்து தித்திப்பும் கசப்புமான மருந்து வாடை இருட்டோடு கலந்து அறை முழுக்கப் பரவியது. பால் கட்டி மார்பு வலித்தது.

அப்போது அழுகை கேட்டது.

மெலிதாக. மூச்சிழுத்து, நின்று, மறுபடியும். ஹம்சாவின் அழுகைதான். கேட்ட மாத்திரத்தில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. பதறித் தூளியை அணைத்தாள். "ஷ்ஷ், கண்ணு, கீழே கேக்கும்..."

தூளிக்குள் சத்தமில்லை.

அழுகை கதவுக்கு வெளியே இருந்தது.

"பூர்ணா!" கீழிருந்து அன்னம்மாள் கத்தினாள். "பிள்ளையை மழையில படியில போட்டுட்டு உள்ள என்ன பண்றே? எதுக்கு இப்படிக் கத்த விடுறே?"

அவளுக்கும் கேட்டிருக்கிறது.

பூர்ணா தூளிக்குள் கைவிட்டாள். கன்னம். குளிர்ந்திருந்தது. பாதம். அதுவும்.

"எழுந்திரு, கண்ணு. அழு. ரூம் போனாப் போகட்டும். அழு."

வெளியே அழுகை உயர்ந்தது.

கதவைத் திறந்தாள். ஈரப்படி. யாருமில்லை. அழுகை மட்டும், காலடியில். பூர்ணா அங்கேயே உட்கார்ந்தாள். ரவிக்கையை அவிழ்த்தாள். வெறுங்கைகளை நீட்டினாள்.

பாரம் ஒன்று மடியில் வந்து அடங்கியது. சின்ன வாய். பனிக்கட்டி போல.

அழுகை நின்றது.

அன்னம்மாள் செல்போன் வெளிச்சத்தோடு ஏறி வந்தாள். திட்ட வாய் திறந்தவள் பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"பசி, ஆன்ட்டி," என்றாள் பூர்ணா, தலை நிமிராமல். "குடிச்சிட்டுத் தூங்கிடும்."

அவள் மடியில் யாருமில்லை. சப்புகிற சத்தம் மட்டும் கேட்டது. முந்தானை ஒரு சின்ன முகத்தளவுக்கு எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தது. திறந்த கதவுக்கு உள்ளே தூளி அசையாமல், கனமாக, தொங்கியது.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தெருவே எழுந்திருக்கும்படி அழட்டும். அள்ளித் தூக்க ஓடி வரும் கைகள் அங்கே குறையாமல் இருக்கட்டும்.