ஐம்பதுக்கு மேல் போனால் பிழை

சுவரை அடைத்திருந்த பெரிய திரையில் அந்த ஒரு சுகாதார நிலையம் மட்டும் ஆறு நாளாகப் பூஜ்யம் காட்டியிருந்தது. ஊரே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் பருவத்தில் அங்கே காய்ச்சல்காரர் ஒருத்தர்கூட இல்லையாம். இன்று மட்டும் ஒன்று. பச்சைப் புள்ளி சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுடைய தங்கை நர்ஸாக இருக்கும் இடம் அது.

யாராவது வேண்டுமென்றே கிருமியைப் பரப்பினால் முதல் நாளே காட்டிக்கொடுக்க வேண்டிய கண்காணிப்பு ஏற்பாடு இது. வடிவமைத்தவள் அக்காவான அவள்தான். போன வருடம் ஒரு குமாஸ்தா மூன்றுக்குப் பதில் முந்நூறு என்று அடித்துத் தொலைக்க, அதிகாரிகளெல்லாம் அலறியடித்துக்கொண்டு ஓட, டைரக்டர் எல்லோர் முன்னாலும் அவளைக் கிழித்தெடுத்தார். மறுநாளே, ஐம்பதுக்கு மேல் எந்த எண் வந்தாலும் தட்டச்சுப் பிழை என்று ஒதுக்கிவிட்டுப் பூஜ்யம் போடும்படி மாற்றிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள் மானம் பிழைத்தது.

போன வாரம் தங்கை ஃபோன் செய்திருந்தாள். "அக்கா, உன் சிஸ்டம் என் கணக்கை எடுத்துக்கவே மாட்டேங்குது."

"ஒழுங்கா டைப் பண்ணுடி. மீட்டிங்ல இருக்கேன்."

வைத்துவிட்டு, அதைப் பக்கத்து சீட்டில் சொல்லிச் சிரிக்க வேறு செய்தாள். இப்போது நினைக்க வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

ஒதுக்கியவற்றின் பட்டியலைத் திறந்தாள். ஏசி முனகிக்கொண்டிருந்தது, யாரோ மூடாமல் போன சாப்பாட்டு டப்பாவிலிருந்து புளித்த வாடை மெல்ல வந்து அவள் மேசையருகே தங்கியது, மதிய வெயிலில் ஜன்னல் கம்பிகளின் நிழல் விசைப்பலகைமேல் விழுந்து அவள் விரல்களைக் கட்டங்கட்டமாக நறுக்கியது. ஒரே நிலையம். ஒரே கை. ஐம்பத்தெட்டு. எழுபத்தொன்று. எண்பத்தாறு. நேற்று, நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் நான்கைந்து தடவை அடித்துப் பார்த்திருந்தாள் தங்கை. ஒழுங்காகத்தான் அடித்திருந்தாள்.

தங்கைக்கு ஃபோன் போட்டாள். வெகுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"அக்கா..." மூச்சு இழுத்தது. "இன்னிக்கு எடுத்துக்கிச்சுக்கா. ஒண்ணுன்னு போட்டேன்."

"மத்தவங்கல்லாம் எங்கடி?"

"இங்கதான் இருக்காங்க. யாருக்கும் இப்ப காய்ச்சல் இல்ல. ஒவ்வொருத்தரா தொட்டுப் பாத்துட்டேன். எல்லாரும் சில்லுன்னு இருக்காங்க."

"அப்ப அந்த ஒண்ணு?" கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"நான்தான். வேற யாரு இருக்கா இங்க?"

"என் தப்புடி. நான் பண்ணினது. இப்பவே வண்டி அனுப்புறேன், வெச்சிடாத. கேக்குதா?"

மூச்சு மட்டும். இழுத்தது. நின்றது. இன்னொன்று.

பிறகு இல்லை.

"குட்டிம்மா?"

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றும் சத்தம். கட்டில் ஒன்று கிறீச்சிட்டது. செருப்பில்லாத கால்கள். மெதுவாக. ஃபோனுக்கு வெகு அருகே நாற்காலி நகர்ந்தது.

ஒரே ஒரு தட்டு. விசைப்பலகையில்.

சுவர்த் திரையில் அந்த ஒன்று அழிந்து, பூஜ்யம் வந்தது.