இரண்டு ஏர்பேக்... ஒரு சுவர்!

ஏஞ்சலின் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தினாள்.

முள் தொண்ணூறைத் தாண்டியது. நூறு... நூற்றுப் பத்து...!

"மேடம்... போதும் மேடம்! பவர் தெரிஞ்சிடுச்சு இல்ல... ஸ்லோ பண்ணுங்க!"

பக்கத்து சீட்டில் அன்புராஜ் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மணவாள நகரில் பழைய கார் வியாபாரம். பதினைந்து வருஷமாக டெஸ்ட் டிரைவ் கொடுத்து, கஸ்டமர்கள் முகத்தில் எத்தனையோ தினுசு பயத்தைப் பார்த்திருக்கிறான்.

தன் முகத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறான். சைடு கண்ணாடியில்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உள் ரோடு. ஞாயிற்றுக்கிழமை மதியம். கம்பெனி கேட்கள் மூடியிருந்தன. லாரி இல்லை, ஆள் இல்லை. ஒரு நாய் இருந்தது. அதுவும் புத்திசாலித்தனமாக ஓரமாய் ஒதுங்கிக்கொண்டது.

"இன்னாண்ணா, சொல்லிக்கினே வந்தீங்களே... நிறுத்திட்டீங்க?" ஏஞ்சலினின் குரலில் பதற்றமே இல்லை. சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைச் சேலையில்கூட ஒரு கசங்கல் இல்லை. "சொல்லுங்க. ஆறு லட்சத்துக்கு இந்த வண்டிய நான் ஏன் எடுக்கணும்?"

வியாபாரம் என்றதும் அன்புராஜின் நாக்கு தானாகவே அசைந்தது.

"டீசல் மேடம்... இழுவை சும்மா ரயிலு மாதிரி... சீட்டு பாருங்க, சோபா! பெங்களூரு வரைக்கும் போனாலும் இடுப்பு கேக்காது. சிங்கிள் ஓனர். ஒரு டாக்டர் வெச்சிருந்தாரு..."

"உங்க கடையில எல்லா வண்டியும் டாக்டருதுதானாண்ணா? ஒரு கம்பவுண்டர் வண்டிகூட வராதா?"

"ஹிஹி... ஜோக்கு பண்றீங்க..."

"ஏர்பேக்?"

"முன்னாடி ரெண்டு மேடம்! உங்களுக்கு ஒண்ணு, பக்கத்துல உக்கார்றவங்களுக்கு ஒண்ணு. கியாரண்டி!"

ஏஞ்சலின் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அன்புராஜுக்குப் பிடிக்கவில்லை.

"போன வருசம் ஆகஸ்ட்ல, எபினேசர்னு ஒருத்தருக்கு இதே மாடல் வித்தீங்க. வெள்ளைக் கலரு. ஞாபகம் இருக்கா?"

"ஆயிரம் பேருக்கு விக்கிறோம் மேடம்..."

"என் ஊட்டுக்காரரு. வண்டி எடுக்கும்போது நான் வரல, அன்னிக்கு எனக்கு ஷிஃப்டு. எடுத்து நாப்பதாவது நாளு, நின்னுக்கினு இருந்த லாரில இடிச்சிட்டாரு. பை விரியல. நெஞ்சு ஸ்டியரிங்ல..."

அன்புராஜ் சீட் பெல்ட்டை இழுத்தான். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான்... ம்ஹூம்!

"இது மட்டும் கொஞ்சம் டைட்டு மேடம்... எண்ணெய் விட்டா சரியாயிடும்..." பயத்திலும் வியாபாரம் போகவில்லை அவனுக்கு!

கார் சட்டென்று இடது பக்கம் திரும்பியது.

முட்டுச் சந்து.

நேர் எதிரே, மூடிக்கிடந்த ஒரு ஃபவுண்டரியின் காம்பவுண்ட் சுவர். கருங்கல்!

"ஓவர் ஸ்பீடுன்னு எழுதி கேச மூடிட்டாங்க. நான் மட்டும் நொறுங்குன வண்டியப் போய்ப் பாத்தேன். ஸ்டியரிங் நடுவுல பை இருக்க வேண்டிய எடத்துல இன்னா இருந்துச்சு தெரியுமாண்ணா? ஸ்பாஞ்சு! பாத்திரம் தேய்ப்பாங்களே, அதே பச்சை ஸ்பாஞ்சு!"

"அ... அது பழைய ஓனர் பண்ணியிருப்பாரு! எனக்கு இன்னா தெரியும்?"

"அத்த உங்க வாயால கேக்கத்தான் வந்தேன். தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது! சத்தியமா தெரியாது!"

"சரி, உடுங்க. இந்த வண்டில பை இருக்கு இல்ல? அப்புறம் இன்னா பயம்?"

சுவர் வந்தது. கருங்கல்லும், நடுவில் பூசிய சிமெண்டும் தனித்தனியாகத் தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டது!

"ஐயோ... நிறுத்தும்மா! பை இல்ல! இதுலயும் இல்ல!" அன்புராஜ் கத்தினான். "நான்தான் கழட்டி வித்தேன்! உன் புருசன் வண்டியிலயும் நான்தான்! நிறுத்து தாயே... நிறுத்து!"

க்ரீ...ச்!

டயர் தீய்ந்த நாற்றம். சுவருக்கும் பானட்டுக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகலாம். அவ்வளவுதான்!

ஏஞ்சலினின் கண்களில் நீர் நின்றது. விழவில்லை. ஸ்டியரிங்கில் ஐந்து விநாடி தலையைச் சாய்த்தாள். பிறகு ரிவர்ஸ் போட்டாள். கார் பின்னால்... பின்னால்... சந்தின் முனை வரை போய் நின்றது.

அன்புராஜுக்கு மூச்சு வந்தது. மூச்சோடு திமிரும் வந்தது.

"ஏய்... இன்னா, என்னைய பயமுறுத்துறியா? மிரட்டி வாங்குனது எந்தக் கோர்ட்லயும் செல்லாது. போலீசுக்குப் போ, போ! எனக்கும் அங்க ஆளு இருக்கு." கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தான். "வண்டி வாங்க வர்றவன் இன்ஜினப் பாப்பான். ஏசியப் பாப்பான். சீட்ட அமுக்கிப் பாப்பான். ஸ்டியரிங்க எவனாச்சும் பிரிச்சுப் பாப்பானா? அவன் முட்டாளு... நான் வியாபாரி!"

"அப்படியாண்ணா?"

ஃபர்ஸ்ட் கியர் விழுந்தது. செகண்ட்... தேர்ட்...

கார் மறுபடியும் சுவரைப் பார்த்துப் பாய்ந்தது!

அன்புராஜ் இந்தத் தடவை சிரித்தான்.

"திரும்பியும் படம் காட்டாத. நீ மோத மாட்ட. ஸ்டியரிங்க புடிச்சிக்கினு இருக்கிறது நீ. மோதுனா மொதல்ல போறது உன் நெஞ்சு! ஊட்ல பொண்ணு இருக்குன்னு கடையில நீயே சொன்ன. நிறுத்திடுவ!"

அறுபது.

"கரெக்டுண்ணா. பொண்ணு இருக்கு. மூணாவது படிக்கிறா. அவளுக்காகத்தான் ஸ்டியரிங்கப் பிரிச்சேன்."

"...இன்னா?"

"மெக்கானிக்கிட்ட காட்டணும்னு நேத்து பூரா வண்டிய என்கிட்ட உட்டீங்களே, அப்ப. சிப்காட்ல நான் இன்னா வேலை பாக்குறேன்னு நீங்க கேக்கவே இல்லியே! தையல் மிசின். ஏர்பேக் தைக்கிற லைன்ல ஒன்பது வருசம். எந்தப் பை விரியும், எது விரியாதுன்னு எனக்குத் தெரியும்."

எழுபத்தைந்து.

"என் சைடு புது செட்டு மாட்டிட்டேன்."

அன்புராஜின் பார்வை மெல்ல, மிக மெல்ல, தன் முன்னால் இருந்த டேஷ்போர்டுக்கு இறங்கியது.

"அப்ப... என்... என் சைடு...?"

கண்ணாடி முழுக்கக் கருங்கல்!

"அதுல நான் கையே வெக்கலண்ணா... உங்க கியாரண்டியாச்சே!"