நாலு விநாடி இரைச்சல்

குக்கரின் வெயிட் எழும்பி, நடுங்கி, ஆவியைப் பீய்ச்சி அடித்தது. விசில் சத்தம் மட்டும் வரவில்லை.

கோகுல்நாத் சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்தான். பருப்பு வேகும் வாசனை வந்தது, ஆவி முகத்தில் ஈரமாகப் பட்டது, வெயிட் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. முதலில் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று மாதமாக அவனுடைய கலைக்கு எதிராகச் சதி செய்துவந்தவர்களில் அந்தக் குக்கருக்கு மூன்றாம் இடம். முதலிடம் பட்டாபிராம் வழியாகப் போய்வரும் மின்சார ரயிலுக்கு. இரண்டாமிடம், குடியிருப்பின் கீழே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் வேம்புலியின் ரேடியோவுக்கு.

வாரத்தில் ஐந்து நாள் அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பிறர் செய்த பிழைகளைத் திருத்தும் கோகுல்நாத், மீதி இரண்டு நாள் இசை மேதை. படுக்கையறைச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து, மனைவி நிவேதிதாவையும் மகள் கவிப்பிரியாவையும் ஹாலில் பாய் போட்டுப் படுக்கவைத்துவிட்டு, அவன் தன்னந்தனியாக உருவாக்கும் ஆல்பத்துக்குப் பெயர் 'ஏகன்'. சொல், இசை, குரல், ஒலிக்கலவை, அட்டைப்படம் எல்லாமே கோகுல்நாத் என்று இன்ஸ்டாகிராமில் முன்கூட்டியே அறிவித்திருந்தான். நாற்பத்தொரு பேர் இதயம் போட்டிருந்தார்கள். மூன்று வேளைச் சாப்பாடு நிவேதிதா என்று போட அட்டையில் இடமில்லை.

முட்டை அட்டை முட்டையை மட்டும்தான் காப்பாற்றும், சத்தத்தைத் தடுக்காது என்பது முந்நூறு அட்டை ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. ஆகவே இரைச்சல் நீக்கும் மென்பொருளிடம் போனான். வெறும் இரைச்சல் மட்டும் பதிவான சில விநாடிகளை அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதன்பிறகு எங்கெல்லாம் அந்தச் சத்தம் இருக்கிறதோ அங்கெல்லாம் தேடிப்போய் அழித்துவிடும். ரயிலைக் காட்டினான். ரேடியோவைக் காட்டினான். நேற்று, பல்லைக் கடித்துக்கொண்டு, குக்கரைக் காட்டினான்.

அட்டைப்படத்துக்காக இஸ்திரிக்குக் கொடுத்திருந்த கதர் ஜிப்பாவை வாங்கக் கீழே இறங்கினான். வேம்புலி ரேடியோவைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"லைட்டு எரியுது சார், சவுண்டு வர்ல. பேட்டரி மாத்திட்டேன். வேற ஊட்டு ரேடியோ வாங்கினு வந்துகூட வெச்சுப் பாத்துட்டேன், இந்த எடத்துல எதுவும் பாட மாட்டேங்குது." ரேடியோவைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான சார் அன்னிக்கி இத்த ஒடைச்சிருவேன்னு பால்கனிலர்ந்து கத்துன. இன்னா பண்ண?"

கோகுல்நாத் பதிலுக்குக் கத்த வாயெடுத்தான். காம்பவுண்டுச் சுவருக்கு அப்பால் சென்ட்ரல் போகும் ரயில் கடந்தது. வாசல்களில் தொங்கும் ஆட்கள், ஜன்னல் ஜன்னலாக முகங்கள், செருப்பின் அடியில் ஏறிவந்த நடுக்கம். எல்லாம் இருந்தது. சத்தம் இல்லை.

ரயில். ரேடியோ. குக்கர். காட்டிய வரிசையில் எண்ணிக்கொண்டு வந்தவனுக்குக் காலையில் காட்டிய நான்காவது இரைச்சல் நினைவுக்கு வந்தது.

காலையில், நாற்பத்தொரு பேரையும் அழவைக்கப்போகும் உச்சஸ்தாயியில் அவன் கண்மூடி நின்றிருந்தபோது, கவிப்பிரியா கதவைத் தட்டினாள். "அப்பா, கதவத் தொற." ஆறு வயது. ஏதோ வரைந்திருந்தாள், காட்ட வேண்டுமாம். அவன் கதவுக்கு இந்தப்பக்கமிருந்தே தொண்டை கிழியக் கத்தினான். கத்தியும் ஆத்திரம் அடங்கவில்லை. அவள் தட்டியது, கூப்பிட்டது, மொத்தம் நாலு விநாடி. வெட்டி எடுத்து, இதுதான் இரைச்சல் என்று காட்டினான். அவ்வளவு கோபத்தோடு அந்தப் பொத்தானை அவன் அதற்கு முன் அழுத்தியதில்லை.

ஜிப்பாவை வாங்காமல் மாடிக்கு ஓடினான்.

நிவேதிதா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. "காலைலேர்ந்து புள்ள வாயத் திறக்கல. நீங்க கத்துன கத்து அப்படி. பெரிய மேதை. போய்க் கெஞ்சுங்க, போங்க."

கவிப்பிரியா ஹால் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவன் மண்டியிட்டு, ஏதாவது பேசும்மா என்றான். அவள் வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, நாக்கு அசைந்தது, மூச்சுக்காற்று அவன் கன்னத்தில் சூடாகப் பட்டது. ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி முயன்றாள். பிறகு அழுதாள். கண்ணீர் வந்தது. அழுகை கேட்கவில்லை.

அறைக்குள் பாய்ந்து கணினியின் முன் விழுந்தான். செய்ததை ரத்துசெய்யும் பொத்தான் செத்துக் கிடந்தது. காலையிலேயே சேமித்து மூடியிருந்தான். விரல் வழுக்கியது. பட்டியலின் அடியில் ஒரு வழி இருந்தது: நீக்கியதை மட்டும் கேட்கலாம். ஹெட்போனை மாட்டினான்.

வெகு ஆழத்தில் ரயில். அதன்மேல் ரேடியோ. குக்கர் விசில். பிறகு தட்டும் சத்தம்.

"அப்பா, கதவத் தொற."

அவனுக்கு அழுகை பொங்கியது. இருக்கிறாள். எங்கேயும் போகவில்லை. திரையில் கோடு நகர்ந்து நாலாவது விநாடியின் விளிம்பைத் தொட்டு நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

"அப்பா. இங்க இருட்டா இருக்கு."

ஐந்தாவது விநாடி அந்தப் பதிவில் இல்லை. ஆறாவது இல்லை.

"நிறைய பேரு இருக்காங்கப்பா. யாரும் பேச மாட்டேங்குறாங்க."

மைக்கை இழுத்து வாயோடு ஒட்டிக்கொண்டான். "கவி. அப்பாடா. அப்பா இங்கதான் இருக்கேன்." கத்திவிட்டான்.

மறுபக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. பிறகு கிசுகிசுப்பு.

"சத்தம் போடாதப்பா. அவங்க எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிட்டாங்க."

திரும்பிப் பார்த்தான். திறந்த கதவருகே கவிப்பிரியா நின்றிருந்தாள். உதடுகள் இறுக மூடியிருந்தன. கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

ஹெட்போனில் அவள் கதவைத் தட்டினாள். சின்ன விரல்கள். வேகமாக.

ஹெட்போனுக்குள் அவளுக்குப் பின்னாலிருந்து, பொறுமையாக, பெரிய கையொன்றும் தட்டத் தொடங்கியது.