திறக்காத கண்ணாடி

பழைய ஜன்னலைக் கழற்றிப் புதியது போடுவது என் தொழில். ஜன்னலைப் பார்த்தே அந்த வீட்டு மனிதர்களின் லட்சணத்தைச் சொல்லிவிடுவேன் என்று என் மனைவி கேலி செய்வாள். அந்த மாடி ஜன்னலைப் பார்த்தபோது மட்டும் எதுவும் சொல்லத் தோன்றவில்லை. கதவும் சட்டமும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்படி கோட் மேல் கோட் பெயின்ட் அடித்திருந்தார்கள். வலது ஓரத்தில் ஒரு கண்ணாடி இல்லை. வெளியே உச்சி வெயில். அறைக்குள் ஈரத்துணி வாடை.

புதிதாகக் குடிவந்த அந்த அம்மாவுக்கு ஆறு வயதில் ஒரு மகள்.

"பாப்பாவுக்கு வீசிங்ணே. ரூமுக்குக் காத்து வரணும்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு. நல்லா அகலமாத் திறக்கிற மாதிரி போடுங்க."

சாம்பிள்களைப் பரப்பினேன். ஸ்லைடிங் என்றால் பாதிதான் திறக்கும், கதவு மாதிரி என்றால் முழுசாகத் திறக்கும். அவர் யோசிக்காமல் இரண்டாவதைக் காட்டிவிட்டு, டீ போட மகளோடு கீழே போனார்.

நாங்கள் அளவைச் சத்தமாகச் சொல்வோம். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கால் அங்குலம் பிசகினாலும் ஜன்னல் உட்காராது. அறைக்குள் யாரோ நடமாடும் சத்தம் கேட்டது. அந்த அம்மாதான் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமலே, டேப்பை வலது பக்கத் திரைச்சீலைக்குப் பின்னால் நீட்டினேன்.

"முனையைக் கொஞ்சம் பிடிங்கம்மா."

டேப் விறைப்பாக நின்றது.

"நாப்பத்தெட்டு."

"நாப்பத்தேழே முக்கால்" என்றது ஒரு மெல்லிய குரல்.

கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். நாற்பத்தேழே முக்கால்தான்.

"யாருகிட்டண்ணே பேசிட்டிருக்கீங்க?"

அந்த அம்மா டீயோடு அப்போதுதான் படியேறி வந்துகொண்டிருந்தார்.

டேப் இன்னும் விறைப்பாகவே இருந்தது.

திரையை விலக்கினேன். யாருமில்லை. கண்ணாடி இல்லாத அந்த ஓட்டை, அதற்கு வெளியே இருபதடிப் பள்ளம். டேப் சர்ரென்று திரும்பி வந்து என் விரலில் அடித்தது. அதன் முனை நனைந்திருந்தது. வெளியிலிருந்து ஏதோ கையை உள்ளே நீட்டியிருக்கிறது என்றுதான் என் புத்திக்குப் பட்டது.

வியாபாரத்துக்காக ஆயிரம் பொய் சொன்னவன் நான். அன்று பயத்தில் ஒன்று சொன்னேன்.

"சுவரு உதிருதும்மா. திறக்கிற கதவு தாங்காது. திறக்காத கண்ணாடியாப் போட்டுடலாம்."

"அப்ப பாப்பாவுக்குக் காத்து?"

"ஹால் ஜன்னலப் பெருசாக்கித் தரேன். இந்த ரூம் கதவத் திறந்து வச்சாப் போதும்."

அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் என்னை நம்பித் தலையாட்டினார்.

பத்தாம் நாள் போய்ப் பொருத்தினேன். ஏணியில் நின்று வெளிப்பக்க இடுக்குகளில் சிலிக்கான் பசை இழுத்து முடித்தபோது எறும்பு நுழையக்கூட இடமில்லை. அம்மாவும் மகளும் கீழே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். கண்ணாடியில் வெள்ளையாக ஒரு வட்டம் படர்ந்தது.

என் மூச்சுதான் என்று துடைத்தேன்.

போகவில்லை.

அழுத்தித் துடைத்தேன். வட்டம் சுருங்கியது. மறுபடி விரிந்தது.

அது உள்பக்கம்.

அது வெளியிலிருந்து வரவே இல்லை. உள்ளே கிடந்தது. திறக்கிற ஜன்னல் வந்தால் வெளியே போகலாம் என்றுதான் எனக்கு அவ்வளவு சரியாக அளவு சொல்லியிருக்கிறது. நான் கை மட்டும் நுழைந்த அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டேன்.

"அம்மா! பாப்பாவ மேல விடாதீங்க!"

கீழே அவர் மட்டும்தான் நின்றார். "இப்பத்தாண்ணே ஓடினா. புது ஜன்னல உள்ள இருந்து பாக்கணுமாம்."

குழந்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் மூச்சு சின்ன வட்டமாகப் படிந்தது. அவள் தலைக்கு மேலே இன்னொரு வட்டம்.

அவளுக்குப் பின்னால் அறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

கண்ணாடியைக் கையால் குத்தினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து யாரையோ பார்த்தபடி, கூப்பிட்டவருக்குக் கொடுப்பது போலத் தன் கையை உயர்த்தினாள்.