குளிர்ந்த ரேகை

முடிந்துபோன தேர்தலுக்கு இன்னொரு முடிவு வந்து சேர்ந்தது.

சரியாகக் காயாத துணிகளின் முடை வாசனைக்கும், ஜன்னலுக்கு வெளியே ஓயாமல் தூறிக்கொண்டிருந்த மழைக்கும் நடுவே, மடிக்கணினியில் அதை அவள் இரண்டு முறை படித்தாள். வாக்குச்சாவடி அதிகாரி கட்டைவிரல் ரேகை வைத்து அனுப்பும் எண்ணிக்கை பிளாக்செயினில் பதிவாகும். ஆயிரக்கணக்கான கணினிகளில் அதன் நகல் உடனே பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு புள்ளியைக்கூட யாராலும் மாற்ற முடியாது. அவள் கட்டியது அது. பூட்டிய பின் முடியாதென்பதால், பூட்டும் முன்பே அவள் நிறுவனத்தார் எண்ணிக்கையை மாற்றினார்கள். ஒரே ஓர் அதிகாரி மட்டும் பொய்க் கணக்குக்கு விரல் வைக்க மறுத்தார்.

"அந்த ஆளு வந்துதான் ஆகணுமா?" என்று மேலாளர் கேட்டார்.

"வேணாம் சார். கட்டைவிரல் போதும்."

சொன்னது அவள்தான். ரேகை வந்தபோது, விரலில் சூடில்லை என்று கணினி எச்சரித்தது. பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அதிகாரியின் மனைவி அழைத்தாள்.

"அவரு அங்க வந்தாராம்மா?"

"தெரியலக்கா."

சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

இப்போது அதே சாவடி. அதே ரேகை. உண்மையான எண்ணிக்கை.

மேலாளரை அழைத்தாள்.

"அழிச்சுத் தொலைம்மா!"

"அழிக்க முடியாது சார். அதுக்குத்தானே கட்டினோம்."

"எங்கேருந்து வருது?"

பார்த்தாள். சோதித்துப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ரேகைக் கருவியிலிருந்து.

உள்ளறையில் 'பீப்' என்றது. மறுபடியும்.

அங்கே விளையாடிக்கொண்டிருந்த மகளின் பேச்சுக்குரல் கேட்டது.

"பாப்பா... யாருகூடப் பேசிட்டிருக்க?"

"ஒரு மாமாம்மா. உன்னைத் தேடித்தான் வந்தாராம். கை குடுங்கன்னா குடுக்கவே மாட்டேங்கறாரு."

வாசல் கதவு பூட்டியபடியே இருந்தது. நடைவழியில் சேறு. ஈர மண் வாசனை. அதற்கடியில் வேறொன்று.

உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

மேசைமுன் பாதி முதுகு காட்டி அந்த அதிகாரி. சொட்டும் சட்டை. மடியில் மகள். நான்கே விரல்கள் கொண்ட கை, மகளின் குட்டிக் கட்டைவிரலைப் பிடித்துக் கருவியின் கண்ணாடிமேல் அழுத்திக்கொண்டிருந்தது. விடவில்லை. கருவியில் பதிந்ததோ அவருடைய ரேகை. நகம் வெளுத்தது. உள்ளங்கை வெளுத்தது. மகள் சிரித்துக்கொண்டேயிருந்தாள். வெளுப்பு மணிக்கட்டைத் தாண்டி, மெல்ல, தோளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.